பற்றரி மேல் விழுந்த பழி: கல்லடியில் நள்ளிரவில் நின்ற சார்ஜ் – ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் முறைப்பாடும்

வண்டி, 24 கிலோவாற் மணி பற்றரி உள்ள பழைய நிசான் லீஃப். 2015 இல் மின்கார்களுக்கு வரி குறைந்திருந்த காலத்தில் ஜப்பானிலிருந்து பாவித்த வண்டியாக வந்து, கை மாறிக் கிழக்குக்கு வந்தது. உரிமையாளர் ஓர் ஆசிரியை. கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடிப் பக்கம் உள்ள பாடசாலைக்குப் போய்வர 55 கிலோமீற்றர் அளவில் ஓட்டம். வீட்டில் ஒற்றை ஃபேஸ் 30 அம்பியர் இணைப்பு. டிபி போர்ட்டிலிருந்து (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) 22 மீற்றர் தள்ளி, வாகனக் கொட்டிலின் தூணில் 15 அம்பியர் உருண்டைப்பின் சொக்கற். சார்ஜ் பெட்டி வண்டியோடு வந்த ஜப்பான் பெட்டி: 200 வோல்ற், 15 அம்பியர் என்று பொறித்தது. ஜப்பான் பிளக் இங்குள்ள சொக்கற்றுக்குப் பொருந்தாது என்பதால் அதை வெட்டிவிட்டு உள்ளூர் 15 அம்பியர் பிளக் போட்டிருந்தார்கள்.

முறைப்பாடு இதுதான்: இரவு 10.30 க்கு டைமரில் சார்ஜ் தொடங்குகிறது. காலையில் பார்த்தால் 70 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. டேஷ்போர்ட்டின் மூன்று நீல விளக்குகளும் அணைந்திருக்கின்றன, பெட்டியில் பழுது விளக்கு எரிகிறது. பிளக்கைக் கழற்றித் திரும்பச் செருகினால் ஒன்றுமே நடக்காதது போலச் சார்ஜ் ஏறி முடிகிறது. கச்சான் என்ற வறண்ட காற்றுத் தொடங்கியபின் இது அநேகமாக எல்லா இரவிலும் நடந்தது. மாரியில் இந்தப் பிரச்சினை இருந்ததாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

ஒரு கராஜில் பகலில் பத்து நிமிடம் சார்ஜ் போட்டுப் பார்த்தார்கள். பழுதொன்றும் தெரியவில்லை. ஆகவே பற்றரி முடிந்துவிட்டது, மாட்யூல்களை (உள்ளே இருக்கும் செல் கட்டுகளை) மாற்ற வேண்டும் என்று முடிவு சொன்னார்கள். பழைய லீஃப் என்றால் பற்றரியில் கைகாட்டுவது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, மட்டக்களப்பின் வெயிலில் அது வேகமாகத் தேய்வதும் உண்மை. ஆனால் தேய்ந்த பற்றரி சார்ஜைப் பாதியில் நிறுத்தாது. கொள்ளளவு குறைந்திருக்கும், ஓட்டம் குறையும். குறைந்த அந்த அளவு வரைக்கும் ஒழுங்காக நிரம்பும். முறைப்பாட்டைக் கேட்டவுடனேயே சந்தேகம் சுவர்ப் பக்கம் திரும்பியது அதனால்தான்.

முதலில் பற்றரியைத் தீர்த்துக் கொள்வது

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரையிலான லீஃப் உரிமையாளர்கள் குழுவாகச் சேர்ந்து பொதுவில் வைத்துப் பாவிக்கும் சாமான்கள் அதிகமில்லை: காரின் கண்டறி துவாரத்தில் செருகும் ஈ.எல்.எம். 327 புளூடூத் டொங்கிள், லீஃப் ஸ்பை செயலி உள்ள ஒரு பழைய ஃபோன், கிளாம்ப் மீற்றர், தொடாமல் சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி, இங்கே ஓடும் ஒரு மாற்றுச் சார்ஜ் பெட்டி. எர்த் சோதிக்கும் கருவி வயரிங் பாஸிடம் (வீட்டு மின்வேலை செய்பவரிடம்) தான் இருக்கிறது. அதை இரவல் வாங்குவதைவிட அவரையே அழைப்பது நல்லது.

லீஃப் ஸ்பை காட்டியவை: பற்றரி நலம் 71 சதவீதம், 46.5 அம்பியர் மணி. புதிய 24 கிலோவாற் மணி பற்றரியில் இது 65 ஐத் தாண்டி இருக்கும். டேஷில் 12 கொள்ளளவுக் கட்டங்களில் 9 மிச்சம். இது கணக்கோடு ஒத்துப்போகிறது. முதல் கட்டம் ஏறக்குறைய 15 சதவீதம் தேய்ந்தபின் போகும், அதற்குப்பின் ஒவ்வொன்றும் ஆறேகால் சதவீதத்துக்கு ஒன்று. 71 க்கு 9 தான் வர வேண்டும். கட்டமும் செயலியும் ஒத்துவராவிட்டால் யாரோ பற்றரிக் கணினியை ரீசெற் செய்து விற்றிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பாவித்த லீஃப் வாங்கப் போகிறவர் டொங்கிள் இல்லாமல் போகக்கூடாது.

அடுத்தது 96 செல் சோடிகள். லீஃபின் பற்றரி 48 மாட்யூல்கள் கொண்டது. ஒவ்வொன்றிலும் நான்கு செல்கள், இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து 96 சோடிகள் தொடராக நிற்கின்றன. எல்லாவற்றிலும் நலிந்த சோடி எதுவோ அதன் அளவுக்குத்தான் முழுப் பற்றரியும். வண்டி நின்றிருக்கையில் அதிக வோல்ற் உள்ள சோடிக்கும் குறைந்ததற்கும் இடையே 18 மில்லிவோல்ற் வித்தியாசம். 30 சதவீதத்தில் வைத்து ஆக்சிலரேற்றரை அழுத்தி ஓட்டியபோது 50 ஐத் தாண்டவில்லை. இது சமனாகத் தேய்ந்த, ஆரோக்கியமான பழைய பற்றரி.

ஒப்பிட்டுப் பார்க்க அக்கரைப்பற்றில் ஓடும் இன்னொரு லீஃபின் பதிவு கையில் இருந்தது. அதில் ஒரே ஒரு சோடி, பாரம் ஏறும்போது மற்றவற்றைவிட 140 மில்லிவோல்ற் கீழே விழுகிறது. டேஷில் 25 சதவீதம் இருக்கும்போதே ஆமைச் சின்னம் வந்து வேகம் முடங்குகிறது. மாட்யூல் மாற்ற வேண்டியது அந்த வண்டிக்கு. மாற்றும்போதும் கொள்ளளவு ஒத்த பழைய மாட்யூலாகப் பார்த்துப் போட வேண்டும். நல்லதொன்றைத் தேய்ந்த கூட்டத்தில் சேர்த்தால் சமநிலை குலையுமே தவிர ஓட்டம் கூடாது.

12 வோல்ற் சிறு பற்றரியையும் விடவில்லை. லீஃபில் விசித்திரமான எச்சரிக்கை விளக்குகள் வந்தால், அல்லது ‘ரெடி’ நிலைக்கு வர மறுத்தால், பத்துக்கு எட்டுத் தடவை அதுதான் காரணம். காலையில் 12.3 வோல்ற் இருந்தது. டொங்கிளை இரவில் துவாரத்திலேயே விட்டிருந்தார்கள். கழற்றி வைத்த மறுநாள் 12.6. டொங்கிள் சிறியதுதான், ஆனால் இரவு முழுக்கக் குடிக்கும். சிறு பற்றரியைக் கழற்றிப் பூட்டினால் கடிகாரத்தையும் டைமரையும் திரும்பப் பார்க்க வேண்டும். திரை ஜப்பான் எழுத்தில் இருப்பதால் பலர் டைமரைத் தொடவே பயப்படுகிறார்கள். அதற்கென்று மெனுப் படங்களின் மேல் தமிழில் எழுதிய ஓர் அட்டை ஃபோன்களில் சுற்றுகிறது. புதிதாக வண்டி வாங்கியவருக்கு முதலில் போய்ச்சேர்வது அதுதான்.

சுவரை அளந்தபோது

சார்ஜ் பெட்டி என்று நாம் சொல்லும் சாமான் உண்மையில் சார்ஜர் அல்ல. சுவரிலிருந்து வரும் ஏசி மின்சாரத்தைச் சோதித்து, எர்த் சரியா என்று பார்த்து, எத்தனை அம்பியர் இழுக்கலாம் என்று காருக்குச் சொல்லி, கதவைத் திறந்துவிடும் காவலாளி அது. ஏசியை டிசி ஆக்கிப் பற்றரிக்குக் கொடுக்கும் சார்ஜர் காருக்குள்ளே இருக்கிறது. எனவே பெட்டியில் பழுது விளக்கு எரிந்தால் காவலாளிக்கு ஏதோ பிடிக்கவில்லை என்று பொருள். காரை விட்டுவிட்டு அதற்கு என்ன பிடிக்கவில்லை என்று தேட வேண்டும்.

வயரிங் பாஸ் வந்ததும் சொன்னது: “ரீச்சர், பகல்ல பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். இரவைக்கு அது நிற்கிற நேரத்திலதான் பார்க்கணும்.” அப்படியே செய்யப்பட்டது. 40 சதவீதத்தில் வண்டியை வைத்து இரவு 10.30 க்குச் சார்ஜ் தொடங்கி, கால் மணிக்கொருமுறை அளவு எடுத்தார்கள்.

டிபி போர்ட்டில் பாரம் இல்லாதபோது 226 வோல்ற். கார் 14.5 அம்பியர் இழுக்கத் தொடங்கியதும் அங்கே 219, தூணிலுள்ள சொக்கற்றில் 205. அதாவது டிபியிலிருந்து சொக்கற்றுக்குப் போகும் வழியில் மட்டும் 14 வோல்ற் காணாமற் போகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கு முழுக் கதையையும் சொல்லிவிடும். இழுத்திருந்த வயர் 7/0.67, அதாவது இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் செம்பு. இந்த வயருக்கு வோல்ற் வீழ்ச்சி, சூடான நிலையில், மீற்றருக்கும் அம்பியருக்கும் 18 மில்லிவோல்ற் என்று எடுப்பது வழக்கம். 22 மீற்றர், 14.5 அம்பியர்: பெருக்கினால் 6 வோல்ற்றுக்குச் சற்றுக் குறைவு. வயர் தின்பது 6. மீதி 8 வோல்ற் எங்கே? அது வயரில் இல்லை என்றால் பிணைப்புகளில் இருக்க வேண்டும். 8 ஐ 14.5 ஆல் பெருக்கினால் 116 வாற். ஒரு பழைய நூறு வாற் குண்டு பல்பு விடும் சூட்டைவிடக் கூடுதலான சூடு, விரல் நுனியளவு பித்தளைத் திருகுகளில் இறங்கிக் கொண்டிருக்கிறது.

வெப்பமானி அதையே காட்டியது. கொட்டிலில் காற்று 29 பாகை. பிளக்கின் முகப்பு கால் மணியில் 44, அரை மணியில் 55, ஒரு மணியில் 68, ஒன்றரை மணியில் 74. சாதாரண பிவிசி வயர் உறை 70 பாகைக்கு மேல் தொடர்ந்து தாங்க வடிவமைக்கப்பட்டதல்ல. வெளி முகப்பில் 74 என்றால் உள்ளே திருகடியில் இன்னும் கூட இருக்கும். அதே நேரத்தில் சொக்கற்றின் வோல்ற் 205 இலிருந்து மெல்ல 201 க்கு இறங்கியது. சூடு ஏற ஏறப் பிணைப்பின் தடை கூடுகிறது, தடை கூடக் கூடச் சூடும் கூடுகிறது. 95 ஆவது நிமிடத்தில் பெட்டி ‘டிக்’ என்று நின்று பழுது விளக்கைக் காட்டியது. எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் விழும் சுவிட்ச்) விழவில்லை. மின்கசிவு கண்டால் விழும் டிரிப் சுவிட்சும் விழவில்லை.

ஒன்றரை மணியில் பற்றரிக்கு ஏறுவது 4 கிலோவாற் மணி அளவு. 71 சதவீத நலமுள்ள இந்தப் பற்றரியின் பாவிக்கத்தக்க கொள்ளளவு 15 என்று கொண்டால் அது 27 சதவீதம். நாற்பத்தைந்தில் வீட்டுக்கு வந்த வண்டி காலையில் 70 ஐ ஒட்டி நிற்பது ஏன் என்பதற்கு இதுவே விடை. காலையில் திரும்பச் செருகினால் முடிந்துவிடுவதும் இதனால்தான். மிச்சமுள்ள சார்ஜும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் ஆறிய பிளக்கில் தொடங்குகிறது, நிரம்பும் கடைசிக் கட்டத்தில் கார் இழுக்கும் அம்பியரும் குறைகிறது, பிளக் முழுச்சூட்டை எட்டுமுன் வேலை முடிந்துவிடும். கராஜின் பத்து நிமிடச் சோதனையில் பழுது அகப்படாததற்கும் இதே காரணம்தான்.

திறந்து பார்த்தபோது

மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று ரெஸ்ரரால் உறுதி செய்தபின்தான் எதையும் திறந்தார்கள்.

பிளக்: உள்ளே லைவ் வயரின் இழைகளை ஈயம் வைத்து உருக்கி ஒன்றாக்கி, பின் திருகால் இறுக்கியிருந்தார்கள். பார்வைக்குச் சுத்தமான வேலை. ஆனால் பற்றாசு ஈயம் மெதுவான உலோகம். திருகின் அழுத்தத்தில் நாளடைவில் பிதுங்கிக் கொடுக்கும், இறுக்கம் தளரும். கெட்டிலுக்கும் அயர்ன் பெட்டிக்கும் இது பெரிதாகத் தெரியாது, அவை சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். மூன்று மணிநேரம் ஒரே சீராக 14.5 அம்பியர் இழுக்கும் சாமான் வீட்டில் வேறு எதுவும் இல்லை. திருகைச் சுற்றி கடற்காற்றின் பச்சைக் களிம்பு. லைவ் பின்னைச் சுற்றிய பிளாஸ்டிக் தேன் நிறமாகி உப்பியிருந்தது.

சொக்கற்: லைவ் பின்னைப் பிடிக்கும் பித்தளை இதழ் சூட்டில் நெகிழ்ந்து விரிந்திருந்தது. உடல் இளகியதால் எர்த் இதழும் இடம் பெயர்ந்திருந்தது. சூடேறும்போது எர்த் பின் தொடுவதும் விடுவதுமாக இருக்க, பெட்டி அதை எர்த் இல்லை என்று கண்டு நின்றிருக்கிறது. ஆறியபின் பிளாஸ்டிக் சுருங்கித் தொடுகை திரும்பி வந்துவிடும்.

மூன்றாவது இடம் யாரும் எதிர்பாராதது. தூணுக்குப் போகும் வயர் ஒரே நீளமாக இல்லை. பழைய தண்ணீர் மோட்டர் லைனை நீட்டியது அது. பாதி வழியில் சீமெந்துப் பூச்சுக்குள் முறுக்கி ரேப் சுற்றிய ஒரு பிணைப்பு. பாரம் ஏற்றி அளந்ததில் அங்கே 3 வோல்ற், பிளக்கிலும் சொக்கற்றிலுமாக 5. கணக்கில் காணாமற் போன எட்டும் கிடைத்துவிட்டது. பாரத்தில் வைத்துப் பிணைப்புகளை அளப்பது பயிற்சி உள்ளவர் செய்யும் வேலை. வண்டி உரிமையாளர் டிபியிலும் சொக்கற்றிலும் எடுக்கும் இரண்டு அளவே சந்தேகத்துக்குப் போதும்.

எர்த்: மணலும் கச்சானும்

மாரியில் ஏன் பிரச்சினை இல்லை என்ற கேள்வி மிச்சம் இருந்தது. கல்லடி, கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டு. மாரியில் ஒரு முழம் தோண்டினால் ஈரம். கச்சான் அடிக்கும் மாதங்களில் மேல்மணல் பொரிந்துவிடும், காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது. இந்த வீட்டின் எர்த் கம்பி 1.2 மீற்றர் நீளம், கூரைச் சாய்வுக்குக் கீழே மழைத்தண்ணீரே படாத இடத்தில் அடித்தது. கிளாம்பில் துரு. எர்த் கருவியில் 640 ஓம்.

30 மில்லிஅம்பியர் டிரிப் சுவிட்ச் உள்ள வீட்டில், 50 வோல்ற்றை 0.03 ஆல் வகுத்தால் 1,667 ஓம் வரை கணக்கில் இடமுண்டு. அதை நம்பி இருந்துவிடக் கூடாது. 200 ஓமுக்கு மேல் போன எர்த் காலநிலைக்கேற்ப ஆடும், நம்பத்தகாதது. பிளக்குக்குள் ஆடும் தொடுகை, மணலில் 640 ஓம், இரண்டும் சேர்ந்தால் பெட்டி நிற்காமல் என்ன செய்யும்?

மல்டிமீற்றரை லைவுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்து 220 காட்டுகிறது, எர்த் நன்றாயிருக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய. மல்டிமீற்றர் இழுக்கும் மின்சாரம் மிகச் சிறியது, அறுநூறு ஓம் என்ன, ஆறாயிரம் ஓமுக்குப் பின்னால் நின்றும் அது 220 காட்டும். எர்த்தை எர்த் கருவியால்தான் அளக்க வேண்டும்.

செய்த திருத்தம்

பழைய லைனை மோட்டருக்கே விட்டுவிட்டு டிபியிலிருந்து தனி லைன் இழுக்கப்பட்டது. வயர் 7/1.04, ஆறு சதுர மில்லிமீற்றர், இடையில் பிணைப்பே இல்லாமல் ஒரே நீளம். வளைவுகளுக்கும் முனைகளுக்கும் சேர்த்து 25 மீற்றர் எடுத்தது. அம்பியர் கணக்குக்கு 7/0.85, அதாவது நாலு சதுர மில்லிமீற்றர், போதும். ஆறு போட்டதற்குக் காரணம் வீழ்ச்சி: நாலில் நாலு வோல்ற் போகும், ஆறில் இரண்டரைக்குச் சற்று மேல்தான். எர்த் வயரும் கூடவே, தனியாக.

டிபியில் 20 அம்பியர், 30 மில்லிஅம்பியர், ஏ வகை ஆர்சிபிஓ (எம்சிபியும் டிரிப் சுவிட்சும் ஒன்றாகச் சேர்ந்தது). அதை வீட்டின் பொது டிரிப் சுவிட்சுக்குப் பின்னால் போடாமல் மெயின் ஐசொலேற்றரிலிருந்து (மெயின் சுவிட்சிலிருந்து) நேரே எடுத்தார்கள். இரண்டு காரணம். பெரும்பாலான வீடுகளில் இருக்கும் ஏசி வகை டிரிப் சுவிட்ச், காரின் சார்ஜரிலிருந்து கசியக்கூடிய டிசி மின்சாரத்தால் மந்தமாகி, விழவேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். மற்றது, குளிர்சாதனப் பெட்டி, மோட்டர் எல்லாவற்றின் சிறு கசிவுகளோடு காரின் கசிவும் சேர்ந்தால் காரணமில்லாமல் நடுச்சாமத்தில் வீடே இருளும்.

சொக்கற் 16 அம்பியர் நீலநிற இண்டஸ்ட்ரியல் வகை, மூடியும் பூட்டு வளையமும் உள்ளது. பின் இறுகிப் பிடிக்கும், மழைச்சாரல் புகாது. தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரம், கல்லடியில் வெள்ளம் எதுவரை ஏறும் என்று வீட்டாருக்குத் தெரியும். பெட்டியின் வயர் முனைகளில் ஈயம் வெட்டி எறியப்பட்டு, புதிய இழைகளுக்கு, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஃபெரூல் குழல் நசுக்கிப் பூட்டப்பட்டது. முதல் வாரச் சார்ஜுக்குப் பின் திருகுகளை ஒருமுறை திரும்ப இறுக்குவது வழக்கமாக இருக்கட்டும்.

13 அம்பியர் சதுரப்பின் பிளக்கில் இந்தப் பெட்டியைப் பூட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே ஃபியூஸ் இருக்கிறது, பாதுகாப்பு என்கிறார்கள். 13 அம்பியர் ஃபியூஸ் 14.5 அம்பியரை மணிக்கணக்காகத் தாங்கிக்கொண்டே இருக்கும். ஃபியூஸ் எரியாது, பிளக் எரியும். சதுரப்பின்னில்தான் போட வேண்டும் என்றால் 10 அம்பியருக்கு மேல் இழுக்காத பெட்டி வேண்டும்.

எர்த்துக்கு 1.2 மீற்றர் செம்பு பூசிய கம்பிகள் இரண்டை இணைப்பியால் தொடுத்து 2.4 மீற்றர் ஆழத்துக்கு, கிணற்றடிப் பக்கம், கோடையிலும் ஈரம் வற்றாத மணலில் அடித்தார்கள். பித்தளைக் கிளாம்ப், மேலே வாசலின் பூச்சு, சிறு மூடி. அளந்தபோது 38 ஓம். உப்பைக் கொட்டி எர்த்தைக் கூட்டுகிற பழைய வைத்தியம் வேண்டாம். மாரி வந்தால் கரைந்துவிடும், இருக்கும்வரை கிளாம்பைத் தின்னும்.

திருத்தத்துக்குப் பின் அதே 40 சதவீதத்திலிருந்து: டிபியில் பாரத்தோடு 219, சொக்கற்றில் 217 க்குச் சற்றுக் கீழே, பிளக் முகப்பு இரண்டு மணிநேரத்தின் பின்னும் 37 பாகை. நூறு சதவீதம் ஆகும்வரை நிற்கவில்லை. சுவரிலிருந்து 10 யூனிற்றுக்குச் சற்று மேல் இழுத்தது, பற்றரிக்குப் போனது 9 அளவு. மிச்சம் சார்ஜரின் சூடு, அது எல்லா வண்டிக்கும் உள்ளது.

பில், இரவல் சார்ஜ், பொதுப் பழக்கங்கள்

மாதம் 22 நாள் இப்படி ஓடினால் காருக்கு மட்டும் 200 யூனிற் வரை போகும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால் இந்த 200 உம் மேற்படியில்தான் விழுகிறது. சராசரி விலையில் கணக்குப் போட்டு, பெற்றோலைவிட எவ்வளவோ மலிவு என்று சொல்பவர் பில் வந்ததும் முகம் மாறுவது இதனால். நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறினால் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை மிக விலை. மாறும்முன் வீட்டின் மாலைப் பாவனையைப் பார்க்க வேண்டும். ஏசியும் சமையலும் அந்த நான்கு மணிநேரத்தில் ஓடும் வீட்டுக்கு ஆதாயம் கரைந்துவிடும். தங்கள் இணைப்புக்கு அது கிடைக்குமா என்பதைப் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கூரையில் சூரியத் தகடு போட்டு நிகர மீற்றர் முறையில் இருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை.

பிறர் வீட்டில் போடும் இரவல் சார்ஜில் உறவு கெடாமல் இருக்க ஒரே வழி, இழுத்த யூனிற்றைக் காட்டும் சிறு மீற்றர். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். 71 சதவீத லீஃப் அதை ஒரே மூச்சில் நம்பிப் போக முடியாது, அக்கரைப்பற்றில் ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். ஒரு மணிநேரம் நின்றால் கடலோரச் சமதரையில் 50, 60 வேகத்துக்கு 18 கிலோமீற்றர் ஓட்டம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டு மணிநேரத்துக்கு 35. வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியது அவருடைய பில்லின் கடைசிப் படி விலை, சராசரி விலையல்ல. விருந்தாளியின் ஆறு யூனிற் அவருடைய பில்லின் உச்சியில்தான் ஏறுகிறது. பணம் வாங்க மாட்டேன் என்பார்கள், அது நம்மூர்ப் பழக்கம். மீற்றர் எண்ணைப் படமெடுத்து அனுப்பி, தொகையை எழுதி, லீஃப் உரிமையாளர் குழுவின் கணக்கில் வரவு வைத்துவிட்டால் இருவருக்கும் சங்கடமில்லை.

நோன்பு மாதத்தில் காத்தான்குடி, சாய்ந்தமருது வீடுகளில் சஹருக்கு எழும்பும் நேரம் மின்அடுப்பு, மோட்டர், ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும். அதோடு காரும் 14.5 இழுத்தால் 30 அம்பியர் மெயின் விழுவது நிச்சயம். டைமரை 3 மணிக்கு முன் முடியும்படி வைத்தால் போதும். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தபின் டைப் 2 என்ற வேறு வகைச் சார்ஜ் துவாரம் உள்ள புதிய வண்டிகள் வருகின்றன. அவற்றுக்கு 32 அம்பியர் சுவர்ப்பெட்டி வாங்கி ஒற்றை ஃபேஸ் 30 அம்பியர் வீட்டில் பூட்டுவது இதே விபத்தின் பெரிய வடிவம். பெட்டியின் அமைப்பில் 16 க்கு மட்டுப்படுத்த வேண்டும், இல்லையேல் மும்முனை இணைப்புக்கு மனுச் செய்ய வேண்டும்.

பொலன்னறுவை வழியில் புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையே பொழுதுபடும் நேரம் சார்ஜ் கணக்குத் தவறி நிற்பது யானைக்கு முன்னால் நிற்பது. அந்தத் துண்டைப் பகலில், 40 சதவீதத்துக்குக் குறையாமல் கடக்க வேண்டும். கச்சான் எதிர்த்து அடிக்கும் நாளில் வழக்கமான ஓட்டத்தில் கணிசமாகக் குறையும். எங்கே நின்றாலும் லீஃபை முன்சக்கரம் தரையில் உருளக் கட்டியிழுக்கக் கூடாது, அது முன்சக்கரத்தால் ஓடும் வண்டி. தட்டு லொறியில் ஏற்ற வேண்டும், அல்லது முன்பக்கத்தைத் தூக்க வேண்டும்.

இந்த வீட்டில் இன்னும் முடியாதது

டிபிக்கு வரும் முன்னரே பாரத்தில் 7 வோல்ற் விழுவது திருத்தத்துக்குப் பின்னும் அப்படியே. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சேவை வயர் நீளமானது, கம்பத்து இணைப்பும் பழையது. அது மின்சார சபையின் பக்கம். 1987 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் பாரமுள்ளபோதும் இல்லாதபோதும் எடுத்த இரண்டு அளவுகளோடு முறைப்பாடு பதியப்பட்டுள்ளது. ‘வோல்ற் குறைவு’ என்று மொட்டையாகச் சொன்னால் பகலில் வந்து 226 ஐப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பதால் அளவுகளை எழுதிக் கொடுத்தார்கள். எர்த் 38 ஓம் ஈரமான மாதத்தில் எடுத்தது. அடுத்த கச்சான் காலத்தில் திரும்ப அளந்து, 100 ஐத் தாண்டினால் மூன்றாவது கம்பியும் தொடுக்கப்படும். அதுவரை வண்டியைப் பாடசாலை நாட்களில் மட்டும் நூறுக்கு ஏற்றி, விடுமுறையில் 80 இல் நிறுத்தி, கொட்டிலின் நிழலில் விடுவதாக ஏற்பாடு.